கார் எனக்கு, ரேடியோ தம்பிக்கு

சிவமயம்

தென்காசி,
16-6-63, ஞாயிற்றுக்கிழமை

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்திவரும் தம்பி மந்திரமூர்த்திக்கு, தென்காசியில் அரிசி ஆலை நடத்திவரும் அண்ணன் நாறும்பூநாதன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மதினி ஆவுடையம்மாளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் குழல்வாய்மொழியும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்பது கடிதம் எழுதுகிறவர்களின் வழக்கம் ஆகையால் நானும் கேட்கிறேன். பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. மூன்று மைல் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று உன் மதினி சொல்லுகிறாள். நடந்து வந்தால் ஒரு மணி நேரம், காரில் வந்தால் பத்து நிமிஷம். ஆனால் பாகப்பிரிவினை முடிந்த இந்த எட்டு மாதத்தில் நீ இந்தப் பக்கம் வரவில்லை, நானும் அந்தப் பக்கம் வரவில்லை. யார் முதலில் வந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கடிதம் ரேடியோவைப் பற்றியது.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். போன ஐப்பசியில் பத்திரம் எழுதுகிற ஏசுதாசன் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார். ஆலை எனக்கு, லாட்ஜ் உனக்கு. தெற்கு வயல் எனக்கு, வடக்கு வயல் உனக்கு. அண்டா குண்டான் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. ஊரே மெச்சும்படி பிரித்துக்கொண்டோம். கார் என்ற இடம் வந்தபோது பெரியவர்கள், “கார மூத்தவன்தான ஓட்டுதான், அவங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்கள். அதுவரை வாயைத் திறக்காத நீ அப்போதுதான் திறந்தாய்.

“காரும் அண்ணாச்சிக்கு, பாட்டும் அண்ணாச்சிக்கா?”

கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “ஏசுதாசன், ரேடியோவத் தம்பி பேருக்கு எழுதும்வே” என்றேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, அது காரோட கம்பெனியிலயே வச்சு வந்தது. வீட்ட ஒருத்தருக்கும் அந்த வீட்டுச் சன்னல இன்னொருத்தருக்கும் எழுதுன மாதிரில்லா ஆயிரும்” என்றார். “எழுதும்” என்றேன். எழுதினார். வெண்கல உருளிக்குக் கீழே, தேக்குக் கட்டிலுக்கு மேலே, ‘ரேடியோ ஒன்று’ என்று இருக்கிறது. நீயும் கையெழுத்துப் போட்டாய், நானும் போட்டேன்.

போட்ட பிறகு நீ அதை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. மாசி மாதத்தில் சின்னதாக ஒரு புதுக் கார் வாங்கினாய். அண்ணனுக்குச் சொல்லிவிட்டு வாங்கவில்லை. உன் லாட்ஜுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற மாடக்கண்ணு, சனிக்கிழமைதோறும் எனக்கும் தேய்க்க வருகிறான் அல்லவா, அவன் சொல்லித்தான் தெரியும். “புதுக் கார்ல ரேடியோ இல்ல அண்ணாச்சி. அந்த எடத்துல தகரம் வச்சு மூடியிருக்கு” என்று என் முதுகில் வைத்த கையை எடுக்காமலே சொன்னான். அன்றைக்கே உனக்கு ஒரு கார்டு போட்டேன், உன் ரேடியோவைக் கொண்டுபோய் அந்தத் தகரத்தை எடுத்துவிட்டு மாட்டிக்கொள் என்று. நீ எழுதிய பதில் இரண்டே வரி. ‘அது அங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்களே கேட்டுக்கிடுங்க.’

எனக்கு மனம் கசந்தது இந்த இரண்டு வரியால்தான். நீ பாகத்தில் கேட்டது உன் உரிமை. கேட்டதைக் கொடுத்தது என் மரியாதை. கொடுத்ததைத் திருப்பி எனக்கே இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பது எந்த வகையில் சேரும்? அதற்குப் பிறகு நான் அந்த ரேடியோவைத் தொடவில்லை. ஆலைக்கும் வீட்டுக்கும் ஊமையாகவே ஓட்டிக்கொண்டு போனேன். “செய்தியாவது கேளுங்களேன்” என்றாள் உன் மதினி. “அது தம்பி செய்தி” என்றேன். “ஊருக்கெல்லாம் ஒரே செய்திதான” என்றாள். வாதம் செய்கிறவர்களோடு காரில் போவது கஷ்டம்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். உன் ரேடியோவைக் கழற்றி உன்னிடத்தில் சேர்ப்பது. அது இருந்த இடத்தில் எனக்கென்று ஒரு புது ரேடியோ மாட்டிக்கொள்வது. மதுரையில் சொல்லிவைத்து, இப்போது வருகிற டிரான்சிஸ்டர் வகையில் ஒன்று வரவழைத்தேன். வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கிறது. ஒர்க்ஷாப் முகம்மது இஸ்மாயிலைக் கூப்பிட்டு, “நீ நின்னு பாரு, நான் கழத்துதேன்” என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆலை இஞ்சினைக் கழற்றிப் போட்டுப் படித்தேன். இங்கிலீஷை டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது இந்த அமெரிக்கக் காரை நமக்கு விற்றாரே, அதோடு கொடுத்த கைப்புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்துத்தான் ஓட்டவே தொடங்கினேன். அந்தப் புத்தகத்தை எடுத்து, ரேடியோவைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். ரேடியோவுக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால் காரை விற்ற ஏஜெண்டை அணுகவும் என்று ஒரே வரி. அந்த ஏஜெண்டு அமெரிக்காவில் இருக்கிறான்.

நேற்றுச் சனிக்கிழமை அஷ்டமி. உன் மதினி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “கழத்துதத இன்னைக்குக் கழத்தலாம். பிரிக்குத வேலைக்கு அஷ்டமி ஆவும். புதுச மாட்டக்கூடச் செய்யலாம். ஆனா தசமி வராம அதப் பாட வைக்கக் கூடாது” என்று தீர்ப்புச் சொன்னாள். காலையில் காரைத் தெருவில் வேப்ப மர நிழலில் நிறுத்தினேன். முதல் கஷ்டம் அப்போதே வந்தது. ரேடியோ எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாம் கார் வாங்கி ஆயுத பூஜை பதின்மூன்று வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் உன் மதினி ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டும் ரேடியோவுக்கு நான்கு மூலையிலும் நான்கு பொட்டும் குமிழ்களைச் சுற்றி வட்டமும் போட்டிருக்கிறாள். போன வருஷத்துச் சந்தனத்தை அழிப்பது பாவம் என்று அதன் மேலேயே இந்த வருஷத்துச் சந்தனம். அது காய்ந்து இறுகிக் கொத்தனார் பூசினது போல ஆகிவிட்டது. இந்த ரேடியோவுக்கு நட்டே கிடையாது, காரோடு சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்திருக்கிறான் என்று நானே பல பெரிய மனிதர்களிடம் சொல்லியிருக்கிறேன். இஸ்மாயில் குனிந்து பார்த்துவிட்டு, “நட்டு இல்லாம ஒலகத்துல எதுவும் நிக்காது மொதலாளி” என்றான். நான் திருப்புளியை எடுத்தேன். உன் மதினி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமிக்கு வச்ச பொட்டத் திருப்புளியாலயா சொரண்டுவீய?”

பிறகு அவளே ஒரு செம்புத் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொறி கழுவுவது போல நனைத்து நனைத்து எடுத்தாள். எடுத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் பிழிந்து, செம்பருத்திச் செடியின் தூரில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். இப்படி ஒன்பது நடை. தெரு முழுக்கச் சந்தன வாசனை. போகிற வருகிறவர்கள் விசேஷமா என்று கேட்டார்கள். பத்து மணிக்குமேல்தான் குமிழ்கள் இரண்டும் கழன்று என் கைக்கு வந்தன. அவற்றுக்கு உள்ளே ஆளுக்கு ஒரு நட்டு இருந்தது. இஸ்மாயில் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தில் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. இரண்டு குமிழ்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் தேய்ந்து புளியங்கொட்டை போல வழவழவென்று இருந்தது. ஸ்டேஷன் மாற்றுகிற குமிழில் கம்பெனிக்காரன் வெட்டிய வரிகள் வெட்டியபடியே இருந்தன. கார் வாங்கிய வாரம் செய்தி வருகிற ஸ்டேஷனில் வைத்தேன், அதோடு சரி. நீ பக்கத்துச் சீட்டில் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்து வந்திருக்கிறாய். ஒரு நாள், அப்போது உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, “சிலோன் பாட்டு வச்சுப் பாக்கலாமா அண்ணாச்சி” என்று கேட்டாய். “செய்தி முடியட்டும்” என்றேன். செய்தி முடிந்து விவசாயிகளுக்கு ஏதோ சொன்னார்கள். அது முடிவதற்குள் வீடு வந்துவிட்டது. மறுபடி நீ கேட்டதாக எனக்கு நினைவு இல்லை. காரும் அண்ணாச்சிக்கு, பாட்டும் அண்ணாச்சிக்கா என்று நீ சபையில் கேட்டதை முழுப் பொய் என்று இந்த எட்டு மாதமும் சொல்லிவந்தேன். முக்கால் பொய் என்று இப்போது திருத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

முன்பக்கத்து நட்டுகள் கழன்ற பிறகும் ரேடியோ வரவில்லை. பின்னால் எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது. டேஷ்போர்டையே பிரித்துவிடலாம் என்றான் இஸ்மாயில். அமெரிக்காவில் மூடியதைத் தென்காசியில் திறந்தால் மறுபடி மூடாது என்று நான் மறுத்துவிட்டேன். கீழே இருந்து கையை விட்டு எடுப்பது என் யோசனை. அதற்கு முன் சீட்டில் தலைகீழாகப் படுத்து, கால் இரண்டையும் சீட்டின் முதுகுக்கு மேலே போட்டு, தலையை பிரேக் மிதிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். போனேன். கை மணிக்கட்டு வரை நுழைந்தது, அதற்கு மேல் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. அறுபத்து இரண்டு வயதில் அந்த நிலையில் அரை மணி நேரம் இருந்தேன். தெருவில் போனவர்கள் என் காலைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்து, சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போனார்கள். உன் மதினி கதவண்டை வந்து, “மோர் வேணுமா?” என்று கேட்டாள். தலைகீழாக இருக்கிறவன் மோர் எப்படிக் குடிப்பான் என்று அவள் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்துத்தான் கேட்டாளோ என்னவோ.

அந்த நேரத்தில் மாடக்கண்ணு எண்ணெய்ச் சட்டியோடு வந்து சேர்ந்தான்.

“என்ன அண்ணாச்சி, தலைகீழா கெடக்கிய?”

“கை மாட்டிக்கிட்டுலே. உள்ள ஏதோ புடிச்சிருக்கு.”

அவன் முதலில் என் மணிக்கட்டில் எண்ணெய் விட்டு அதை விடுவித்தான். பிறகு குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தான். “நான் கைய விட்டுப் பாக்கட்டா?” என்றான்.

இஸ்மாயில் சிரித்தான். “இது என்ன இடுப்புப் பிடிப்பா, வே?”

“எல்லாம் ஒண்ணுதான் பாய். எங்கனயோ ஒரு முடிச்சு புடிச்சு வச்சிருக்கும். அது வுட்டா தானா எறங்கிரும்.”

முழங்கை வரைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். மெலிந்த கை, பாம்பு வளைக்குள் போவது போலப் போயிற்று. “இது வயரு. இது தடியா ஒரு வயரு. இது சுடுதண்ணிக் கொழா போலிருக்கு, வேண்டாம். ஆங், இங்கன ஒரு இரும்புப் பட்ட ஓடுது, கழுத்துப் பொடதியில நரம்பு ஓடுத மாதிரி. அதுல ஒரு நட்டு இருக்கு” என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இஸ்மாயில் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்பானரை நீட்டினான். “வேண்டாம் பாய், மொதல்ல எளகணும். அவசரப்பட்டா சுளுக்கிக்கிடும்” என்று சொல்லிவிட்டு அந்த நட்டுக்குக் கால் மணி நேரம் எண்ணெய் தேய்த்தான். நான் கீழே படுத்தபடி, விழுந்தால் பிடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். விரலாலேயே நட்டைச் சுழற்றி எடுத்தான். ரேடியோ இறங்கிற்று. பிடிக்க நான் கையைத் தூக்குவதற்குள் நெஞ்சின் மேல் வந்து விழுந்தது.

“மொதலாளி, தம்பி பங்கு நெஞ்சுல ஏறி உக்காந்துட்டு” என்றான் இஸ்மாயில்.

மூச்சு இல்லாததால் நான் திட்டவில்லை. ஆட்டுக்கல் கனம் இருக்கிறது அந்தப் பழைய ரேடியோ. இரண்டு பேரும் அதை எடுக்க வந்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே விளங்கவில்லை. மூச்சு வரட்டும் என்றுதான் இருக்கும்.

பிறகு முற்றத்தில் பலகையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். மாடக்கண்ணு தோளில் கையை வைத்துக்கொண்டு, “இதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டா, பெறவு ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன அண்ணாச்சி இருக்கு?” என்று கேட்டான்.

“ஒண்ணும் இல்ல. அதுக்குத்தானலே பாகப்பிரிவினை.”

“செரி” என்றான். நேற்று அவன் தேய்த்தது வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தது. இன்றும் தோள் வலிக்கிறது.

எண்ணெய்க் குளியல் ஆனபிறகு புதிய ரேடியோவை எடுத்து அந்த ஓட்டைக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பழையது போன இடம் பல் விழுந்த வாய் போல இருந்தது. புதியது அதில் ஒரு மூலைக்குக் காணாது. இஸ்மாயில் தேக்குப் பலகை ஒன்றை அறுத்து, நடுவில் ஓட்டை போட்டு, இன்று மத்தியானம் அதை அதில் பொருத்தி முடுக்கிக் கொடுத்தான். பெரிய வீட்டில் ஒற்றை ஆள் குடியிருப்பது போல இருக்கிறது. போகப் போகக் கண்ணுக்குப் பழகிவிடும். கைப்புத்தகத்தில் எதை எதைக் கழற்ற வேண்டும் என்பதற்கு அநேகமாகப் பக்கம் இருக்கிறது. கழற்றியது சரிதானா என்று பிறகு யோசிக்கிறவனுக்கு ஒரு பக்கமும் இல்லை. அது போகட்டும்.

இன்று நவமி. நாளைத் திங்கட்கிழமை தசமி. காலையில் நல்ல நேரம் பார்த்து என் ரேடியோவைப் பாட வைப்பேன். உன் ரேடியோவைச் சாக்கில் சுற்றி இஸ்மாயில் இந்தக் கடிதத்தோடு உன் லாட்ஜில் கொண்டுவந்து தருவான். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. இதோடு உன் பொருள் என்னிடத்தில் ஒன்றும் பாக்கி இல்லை. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு நீ இங்கே வர வேண்டாம். நானும் அங்கே வரப்போவதில்லை.

சாரல் விழத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளை ஈரத் தலையோடு அலையவிடாதே. குழல்வாய்மொழிக்கு இந்த வருஷமும் இடுப்பு வலி வருகிறதா என்று உன் மதினி கேட்கச் சொன்னாள். லாட்ஜில் கூட்டம் குறைவில்லாமல் வரட்டும், வருகிறவர்கள் சச்சரவில்லாமல் குளித்துவிட்டுப் போகட்டும். குற்றாலநாதர் உங்கள் எல்லோருக்கும் ஆயுளும் சுகமும் தரட்டும்.

இப்படிக்கு,
பத்திரத்தில் எழுதியபடி நடக்கிற உன் அண்ணன்,
நாறும்பூநாதன்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை எழுதுவது. நல்ல நேரத்தில் உன் மதினி சூடம் காட்டினாள், நான் குமிழைத் திருகினேன். உள்ளே விளக்கு மின்மினி போல எரிந்தது. சத்தம் வரவில்லை. இஸ்மாயில் வந்து பேட்டரியைப் பார்த்துவிட்டு, “மொதலாளி, இந்தப் புதுசு பன்னெண்டு ஓல்ட்டு. நம்ம காரு ஆறு ஓல்ட்டு. இதுல இது பாடாது” என்றான். சரி, தம்பி ரேடியோவாவது தம்பி காரில் பாடுமா என்றேன். “அது ஆறு, தம்பி காரு பன்னெண்டு. ஒரு நிமிசம் பாடும், பெறவு பொகையும்” என்றான். நம்பாமல் கைப்புத்தகத்தைப் பார்த்தேன். ஆறு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நேரே ஏசுதாசன் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தின் நகலைப் படிக்கச் சொன்னேன். “ரேடியோ ஒண்ணுன்னுதான் இருக்கு அண்ணாச்சி, எந்த ரேடியோன்னு இல்ல. அன்னைக்கு என்னய எங்க பேச விட்டிய?” என்றார். ஆகவே பத்திரப்படி புது ரேடியோ உன்னுடையது. இஸ்மாயில் சாக்கில் கொண்டுவருவது அதைத்தான். அவனே உன் காரில் தகரத்தை எடுத்துவிட்டு மாட்டித் தருவான். இது பங்கு, பரிசு அல்ல. மறுபடி இரண்டு வரி எழுதாதே. பழையது எப்போதும் இருந்த இடத்தில் திரும்பவும் ஏற வேண்டும். பின்னால் இருக்கிற அந்தப் பட்டையை முடுக்க என் கையும் நுழையவில்லை, இஸ்மாயில் கையும் நுழையவில்லை. மாடக்கண்ணு கை ஒன்றுதான் நுழையும். அவன் சனிக்கிழமைதான் வருவான், அதுவரை நான் பொறுக்கப்போவதில்லை. இன்றைக்கே அனுப்பு. பஸ்ஸில் அனுப்பாதே, எண்ணெய் வேட்டியோடு ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவான். உன் காரில் நீயே கூட்டிக்கொண்டு வா. நட்டு இளகினது போல இறுகவும் நேரம் ஆகும், மத்தியானம் தாண்டிவிடும். உன் மதினி உனக்கும் சேர்த்து அரிசி களைந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான்.